முதலாம் வகுப்பிலேயே போட வேண்டிய கல்லூரிக் கணக்கு



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்த மறுவாரம் கிள்ளான் வட்டாரத்தில் எந்தக் கோயில் மண்டபத்துக்குப் போனாலும் ஒரே பேச்சுத்தான். "பையனுக்கு நல்ல மார்க்கு வந்திருக்கு, எங்க சேர்க்கலாம்?" என்று ஒருவர் கேட்பார். அடுத்த கேள்வி கொஞ்சம் குரல் தாழ்ந்து வரும். "எவ்வளவு ஆகும்?"

இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச நினைக்கிறேன். கேள்வியில் ஒரு குற்றமும் இல்லை. கேட்கும் நேரந்தான் பிந்திப் போகிறது. பிள்ளை முதலாம் வகுப்பில் சேர்ந்த அன்று கேட்க வேண்டியதைப் பதினோரு, பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கேட்கிறோம். அப்போது கையில் இருப்பது தேர்வு முடிவுத் தாள் ஒன்றுதான். கல்லூரிப் பதிவுக்கோ இருப்பது சில வாரங்கள். அந்தச் சில வாரத்தில் எடுக்கிற முடிவுதான் பல குடும்பங்களை வட்டிக்காரனிடமும் அடகுக்கடையிலும் கொண்டுபோய் நிறுத்துகிறது.

நான் முப்பது ஆண்டுக்கு மேல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மனுப் பாரங்கள் நிரப்பிக் கொடுப்பதே என் வேலை. பாரங்கள் இன்று தாளில் இல்லை, கைப்பேசியில் வந்துவிட்டன. ஆனால் பெற்றோர் முகத்தில் தெரிகிற கவலை மட்டும் நான் சிறுமியாக லயத்தில் பார்த்த அதே கவலைதான்.

மூன்று டின் கணக்கு

என் தாயும் தகப்பனும் கிள்ளானுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் சம்பள நாளன்று அவர் வைத்த கணக்கை எந்தக் கிராணியாரும் குறை சொல்ல முடியாது. அடுப்படிப் பலகையில் மூன்று மைலோ டின்கள் இருக்கும். முதல் டின் மாதாமாதம் காலியாகும்: பஸ் காசு, நோட்டுப் புத்தகம், பள்ளிச் சட்டை. இரண்டாவது டின் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும்: பரீட்சைப் பணம், புதுச் சப்பாத்து. மூன்றாவது டின்னை யாரும் தொடக்கூடாது. தீபாவளியானாலும் சரி, திருவிழாவானாலும் சரி, அம்மா மசிய மாட்டார். கூட்டு எடுத்த மாதம் அதில் கொஞ்சம் கூடுதலாக விழும். மழை மாதத்தில் ஒரு வெள்ளிகூட விழாது. ஆனாலும் டின் அங்கேயே இருக்கும்.

அந்த மூன்றாவது டின்தான் என்னை ஆறாம் படிவம் வரைக்கும் கொண்டுவந்தது. ஆனால் டின் மட்டும் போதவில்லை. 1973இல் நான் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய்ப் பல மாதம் வேலைக்குப் போகவில்லை. என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் அப்போது ஐந்தாம் படிவத்தில் இருந்தார். ஒருநாள் இரவு சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி படிக்கட்டும்மா. நான் அப்பா நிரைக்குப் போறேன்." அவ்வளவுதான். அழுகை இல்லை, பேச்சு இல்லை. மறுநாள் விடியற்காலை நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். கணக்குப் பாடத்தில் என்னைவிடக் கெட்டிக்காரர் அவர்.

இதை எதற்குச் சொல்கிறேன்? நம் குடும்பங்களில் ஒருவர் கல்லூரி வாசலை மிதித்திருந்தால், பெரும்பாலும் இன்னொருவர் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார். அக்காள் நின்றிருப்பார், அண்ணன் நின்றிருப்பார், சில வீட்டில் அம்மா தாலிக்கொடியை இறக்கியிருப்பார். முன்கூட்டித் திட்டமிடுவது எதற்காக என்றால், ஒரு பிள்ளையின் படிப்புக்கு இன்னொரு பிள்ளையின் படிப்பை விலையாகக் கொடுக்காமல் இருப்பதற்காகத்தான். மற்ற காரணமெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

நம்மவர் செய்து காட்டியது

"நாங்க தினக்கூலி ஆளுங்க, எங்களால சேர்த்து வைக்க முடியுமா டீச்சரம்மா?" என்று கேட்பவர்கள் உண்டு. முடியும் என்று நான் சொல்லவில்லை. நம் பாட்டன் பாட்டி காலத்து ஆட்களே செய்து காட்டிவிட்டார்கள்.

1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். வேலையும் போய் லயத்து வீடும் போய் நம் மக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு தொழிலாளியும் மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்குவது, எல்லாப் பங்கையும் சேர்த்துத் தோட்டத்தையே வாங்குவது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. தோட்டம் வாங்கும் அளவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பால் வாளி தூக்கிய கைகளிலிருந்து வந்தது. இன்று பிரிக்பீல்ட்சின் பெரிய சாலைக்குத் துன் சம்பந்தன் பெயர் இருக்கிறது. அந்தச் சங்கம் இன்றும் நடக்கிறது, உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு உதவியும் செய்கிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அதில் பங்கு வைத்திருந்தால், பழைய பெட்டியில் அந்தப் பத்திரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அதற்கும் முன்னால் நடந்தது ஒன்று. மலாயாப் பல்கலைக்கழகம் அப்போது சிங்கப்பூரில் இருந்தது. அங்கே தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி குரல் கொடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்று பெயரிட்டு நிதி திரட்டினார். வசதி உள்ளவர்கள் மட்டுமா கொடுத்தார்கள்? தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்தவர்கள் தங்கள் சிறு காசைக் கொடுத்தார்கள். 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியது. கோலாலம்பூர் பந்தாய்ப் பகுதியில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகத்தில் அது இன்றும் இருக்கிறது. தான் கால் வைக்காத பல்கலைக்கழகத்துக்குப் பணம் கொடுத்த கூட்டம் நம் கூட்டம்.

பிரிக்பீல்ட்சைப் பாருங்கள். அங்கே விவேகானந்த ஆசிரமம் 1904இல் எழுந்தது. இரயில்வேயில் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து டாக்டர்களும் வழக்கறிஞர்களும் வந்தார்கள். அவர்கள் மூளை ஒரு மாதிரி, நம் மூளை ஒரு மாதிரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர்களுக்கு மாதச் சம்பளம் நிலையாக வந்தது, நடந்துபோகும் தூரத்தில் ஆங்கிலப் பள்ளி இருந்தது. நமக்கு இரண்டும் இல்லை. வித்தியாசம் அதுதான். இன்று பள்ளிக்கூட வாசல் நமக்கும் திறந்திருக்கிறது. மீதி இருப்பது பணத்தை ஒழுங்கு செய்வது.

1982இல் மலாயாப் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர் டாக்டர் மு. தம்பிராஜா ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கியதும் இந்த வரிசையில்தான் வருகிறது. வார இறுதியில் குறைந்த செலவில் வகுப்பு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணனும் அக்காளுமே பாடம் சொல்லிக் கொடுப்பார்கள். பத்துமலைக்குக் கல்வி யாத்திரை போய், படிப்பேன் என்று பிள்ளைகள் முருகன் முன்னால் உறுதி எடுப்பார்கள். அங்கே படித்துப் பட்டம் வாங்கிய தோட்டப் பிள்ளைகள் ஏராளம். டியூஷன் என்றால் மாதம் நூற்றுக்கணக்கில் கொட்ட வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் இத்தகைய இடத்தை விசாரியுங்கள்.

ஒரு வெள்ளியின் கணக்கு

சரி, கணக்குக்கு வருவோம். முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம் வரை 11 ஆண்டு. நடுவில் புகுமுக வகுப்பு சேர்ந்தால் 12 ஆண்டு. நாளுக்கு ஒரு வெள்ளி எடுத்து வைத்தால் 12 ஆண்டில் 4,380 வெள்ளி. லாப ஈவு தனி. இது பெரிய பணமா என்று கேட்பீர்கள். அரசாங்கப் பொலிடெக்னிக்கில் டிப்ளோமா படிக்கத் தவணைக் கட்டணம் 200 வெள்ளி. ஆறு தவணைக்கு 1,200 வெள்ளி. சாப்பாடும் பயணமும் தனி என்றாலும், பிள்ளை பதிவுக்குப் போகும்போது நீங்கள் யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. இப்போது சொல்லுங்கள், ஒரு வெள்ளி சின்னப் பணமா?

எங்கே போட்டு வைப்பது? மைலோ டின் இன்றைக்கு வேண்டாம். டின்னில் இருக்கும் பணம் வளராது, அவசரம் வந்தால் கையும் நீளும். பி.டி.பி.டி.என். நிறுவனமே 2004ஆம் ஆண்டிலிருந்து எஸ்.எஸ்.பி.என். என்ற கல்விச் சேமிப்பை நடத்துகிறது. 20 வெள்ளியில் பிள்ளை பேரில் கணக்குத் தொடங்கலாம். நாளைக்குப் பி.டி.பி.டி.என். கடனுக்கு மனுப் போடும்போதும் அந்தக் கணக்குத் தேவைப்படும். வருமான வரிச் சலுகை உண்டு என்று விளம்பரம் செய்வார்கள். வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாத நமக்கு அது பெரிதல்ல. பணம் கண்ணுக்கு மறைவாக இருந்து ஆண்டுதோறும் கொஞ்சம் வளர்வதுதான் நமக்குப் பெரிது.

கூட்டுக் கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூட்டு நம் பெண்களின் வங்கி, அதை நான் பழிக்க மாட்டேன். ஆனால் பிள்ளையின் படிப்புப் பணம் முழுவதையும் கூட்டில் வைக்காதீர்கள். நடத்துகிறவர் ஓடிப்போனால் கேட்க நாதி கிடையாது.

மலிவான வாசல்கள்

எஸ்.பி.எம். முடிந்ததும் பணம் கொட்டித்தான் படிக்க வேண்டும் என்பது தவறான நினைப்பு. நம் நாட்டில் பணம் குறைந்த வாசல்கள் பல உண்டு. விளம்பரம் இல்லாததால் கண்ணில் படுவதில்லை.

முதலாவது ஆறாம் படிவம். அரசாங்கப் பள்ளியில் ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. படிப்புக்குக் கட்டணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளை வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். எஸ்.டி.பி.எம். கடினமான பரீட்சைதான். ஆனால் அதை நன்றாக எழுதியவர்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்றுக்கொள்கின்றன. "ஃபார்ம் சிக்ஸா? கூட்டாளிங்க எல்லாம் காலேஜ் போறாங்க" என்று பிள்ளை முகம் சுளித்தால், பொறுமையாக உட்கார்ந்து கணக்கைக் காட்டுங்கள்.

இரண்டாவது மெட்ரிகுலேஷன். இங்கே 90 விழுக்காடு இடம் பூமிபுத்ராக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் நம் பிள்ளைகள் ஏமாந்த கதை நீண்ட கதை. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடம் என்று அரசு அறிவித்தது. 2024இல், எஸ்.பி.எம்.மில் 10 ஏயும் அதற்கு மேலும் எடுத்த எல்லா இனத்து மாணவர்களுக்கும் இடம் உண்டு என்று அறிவிப்பு வந்தது. கிடைக்காது என்று மனுப் போடாமல் இருப்பவர்களைத்தான் நான் கோபித்துக்கொள்வேன். மனுப் போடாதவனுக்கு மேல்முறையீடும் கிடையாது.

மூன்றாவது பொலிடெக்னிக், தொழிற்பயிற்சி நிலையங்கள். கையால் வேலை செய்வதில் விருப்பமுள்ள பையன்களை வலிந்து வேறு படிப்பில் தள்ளாதீர்கள். வெல்டிங், மின்சாரம், குளிர்சாதனம் கற்றவன் சான்றிதழோடு வெளியே வந்தால் கிள்ளான் துறைமுகத்திலும் ஷா ஆலம் தொழிற்சாலைகளிலும் அவனுக்கு வேலை இருக்கிறது. டிப்ளோமா முடித்துப் பிறகு பட்டப்படிப்புக்குப் போகவும் வழி உண்டு.

நான்காவது ஆசிரியர் கல்விக் கழகம். கட்டணம் இல்லை, படிக்கும்போதே மாதப் படியும் உண்டு. 1978இல் நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனதற்கு அந்தப் படியும் ஒரு காரணம். அதில் ஒரு பகுதியை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பினேன்.

பொதுப் பல்கலைக்கழகம் என்றால் செலவில் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. அங்கே நுழைவதற்குப் பரீட்சை மதிப்பெண் 90 விழுக்காடு, புறப்பாட நடவடிக்கை 10 விழுக்காடு என்று கணக்கிடுகிறார்கள். இந்தப் பத்தைத்தான் நம் பிள்ளைகள் அநியாயமாக இழக்கிறார்கள். "மாலையில பஸ் கிடையாது டீச்சர்" என்று சாரணர் படைக்கும் விளையாட்டுக்கும் போகாமல் விட்டுவிடுவார்கள். ஐந்தாம் படிவத்தில் ஓடிப்போய் இதைச் சேர்க்க முடியாது. முதலாம் படிவத்திலேயே ஒரு சங்கம், ஒரு சீருடை இயக்கம், ஒரு விளையாட்டு என்று சேர்த்துவிடுங்கள். சான்றிதழ்களை ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். அந்த ஃபைலும் பணந்தான்.

எது கடன், எது கயிறு

கடன் வாங்காமல் படிக்க வைப்பது எல்லாராலும் ஆகாது. ஆனால் கடனுக்கும் கடனுக்கும் வித்தியாசம் உண்டு.

பி.டி.பி.டி.என். 1997இல் தொடங்கிய அரசாங்கக் கல்விக் கடன் நிறுவனம். இப்போது ஆண்டுக்கு 1 விழுக்காடு நிர்வாகக் கட்டணம். அதாவது 5,000 வெள்ளிக்கு ஆண்டுக்கு 50 வெள்ளி. உரிமம் பெற்ற வட்டிக்கடையில், ஈடு இல்லாத கடனுக்குச் சட்டப்படி ஆண்டுக்கு 18 விழுக்காடு வரை வாங்கலாம். அப்படியானால் 900 வெள்ளி. உரிமமே இல்லாத ஆலோங்கிடம் மாதம் பத்து விழுக்காடு என்று வாங்கினால் மாத வட்டி மட்டும் 500 வெள்ளி, ஆண்டுக்கு 6,000 வெள்ளி. முதல் அப்படியே நிற்கும். 50 எங்கே, 6,000 எங்கே! இது தெரிந்தும் நம்மவர்கள் ஏன் ஆலோங்கிடம் போகிறார்கள்?

காரணம் இருக்கிறது. பி.டி.பி.டி.என். பணம் பதிவு நாளன்று கைக்கு வராது. மனு, ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் முடிய வாரங்கள் ஆகும். ஆனால் பதிவுக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அன்றே கட்ட வேண்டும். அந்த இடைவெளியில்தான் ஆலோங் நுழைகிறான். ஆகவே பிள்ளையின் சேமிப்பில் முதல் இரண்டு மாதச் செலவைத் தனியாக ஒதுக்கி வைத்திருங்கள். பொது உயர்கல்விக் கூடத்தில் இடம் கிடைத்த வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு 1,500 வெள்ளி வரை முன்பணம் தருகிற திட்டமும் பி.டி.பி.டி.என்.னில் உண்டு. பிறகு வரும் கடனில் அதைக் கழித்துக்கொள்வார்கள். இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றே அதற்கு மனுச் செய்யுங்கள், தள்ளிப் போடாதீர்கள்.

இன்னொன்று. பி.டி.பி.டி.என். கடன் பிள்ளை பேரில் வருகிற கடன். வேலைக்குப் போனதும் அவனே கட்ட வேண்டும். "கவர்மெண்டு காசுதானே" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவன் திருப்பிக் கட்டுகிற காசில்தான் அடுத்த லயத்துப் பிள்ளை படிக்கிறது. முதல் வகுப்பில் தேறுகிறவர்களுக்கு, நிபந்தனைக்கு உட்பட்டு, கடனைத் திருப்பிக் கட்டாமல் விலக்குப் பெற வழி உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லி வையுங்கள்.

கடனுக்கு முன்னால் உதவித்தொகைகளைத் தேடுங்கள். ஜே.பி.ஏ. உபகாரச் சம்பளம், 1970இல் தொடங்கிய யாயாசான் சிலாங்கூர், எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் என்று பல கதவுகள். தகப்பனோ தாயோ வேலையில் விபத்துக்குள்ளாகி இறந்திருந்தால், அல்லது சொக்சோவில் முடத்தன்மைப் பென்ஷன் வாங்கினால், பிள்ளை படிப்புக்குச் சொக்சோவிலும் உதவி உண்டு. பெரிய தோட்டக் கம்பெனிகளும் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவுவதுண்டு. தோட்ட ஆபீசில் கேட்பதற்குக் கூச்சம் எதற்கு? தட்டினால் ஒரு கதவு திறக்கும், ஒரு கதவு திறக்காது. தட்டாத கதவு மட்டும் நிச்சயமாகத் திறக்காது.

வீடா, படிப்பா?

இனி, தோட்டத்துக் குடும்பத்துக்கே உரிய கஷ்டம் ஒன்று. பட்டணத்துத் தொழிலாளிக்கு வாடகை வீடாவது இருக்கும். நமக்கோ வேலை உள்ளவரைக்குந்தான் லயத்து வீடு. ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். தோட்டம் விற்கப்பட்டாலும் அதே கதைதான். பிராங் புசார் தோட்டத்தில் பால்மரம் நின்ற இடத்தில் இன்று புத்ராஜெயா இருக்கிறது. பக்கத்துச் சைபர்ஜெயாவில் தோட்ட நிலத்தில் பல்கலைக்கழகமே எழுந்துவிட்டது. ஆகவே நாம் ஒரே காலத்தில் இரண்டு சுமை சுமக்கிறோம்: வீட்டுக்குச் சேர்க்க வேண்டும், படிப்புக்கும் சேர்க்க வேண்டும்.

இரண்டுக்கும் கண் போகிற இடம் ஊழியர் சேமநிதி. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு ஆக மாதம் சுமார் 408 வெள்ளி சேமநிதிக்குப் போகிறது. 2024 மே மாதத்திலிருந்து அதை மூன்றாகப் பிரிக்கிறார்கள். 75 விழுக்காடு ஓய்வுக் காலத்துக்கு, அதைத் தொட முடியாது. 15 விழுக்காடு வீடு, கல்வி, மருத்துவம் போன்றவற்றுக்கு. 10 விழுக்காடு எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். கல்விக்கு எடுக்கக் கூடிய அந்த 15 விழுக்காடு மாதம் 61 வெள்ளிதான். 12 ஆண்டுக்குச் சுமார் 8,800 வெள்ளியும் அதற்கான லாப ஈவும். அதே பணந்தான் வீட்டு முன்பணத்துக்கும். ஒரே பணத்தை இரண்டு இடத்தில் எண்ணினால் இரண்டும் கிடைக்காது.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், சேமநிதியை வீட்டுக்கு வையுங்கள். படிப்புக்கு மேலே சொன்ன மலிவான வாசல்களும் பி.டி.பி.டி.என். கடனும் இருக்கின்றன. பிள்ளைக்குப் படிக்க ஒரு சதவீதக் கடன் கிடைக்கும். அறுபது வயதுக்கு மேல் வீடு வாங்க உங்களுக்கு யார் கடன் கொடுப்பார்கள்? படித்து முடித்த பிள்ளை முதல் சம்பளத்தோடு வரும்போது, அவன் திரும்பி வர ஒரு வீடு இருக்க வேண்டாமா? பிறகு மாத வாடகைக்கும் உங்கள் மருந்துக்கும் அவன் சம்பளத்தையே பிய்த்துக் கொடுத்தால், அவன் தங்கையின் படிப்புக்கு என்ன மிஞ்சும்? தவிர்க்க முடியாத நிலைமை வந்தால் மட்டும் சேமநிதியைத் தொடுங்கள்.

பளபளக்கும் பலகைகள்

கே.எல். சென்ட்ரலில் இறங்கிப் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் நடந்தால் கல்லூரி விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கும். தனியார் கல்லூரி எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்லவை உண்டு, அங்கே படித்து முன்னேறியவர்களும் உண்டு. ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தகப்பனார் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். ஒரு ஏஜண்டு பேச்சைக் கேட்டு மகளை ஒரு கல்லூரியில் சேர்த்தார். முதல் தவணை முடிந்த பிறகுதான் அந்தப் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்காது என்று தெரிந்தது. மோட்டார் சைக்கிள், நகை என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. மகள் ஓராண்டை இழந்து, பிறகு ஆறாம் படிவத்தில் சேர்ந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை, கரையேறிவிட்டாள். எல்லாரும் கரையேறுவார்களா?

ஆகவே கேளுங்கள். இந்தப் படிப்பு எம்.கியூ.ஏ. என்ற தகுதி நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறதா? பி.டி.பி.டி.என். கடன் கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும்? முதல் தவணை மட்டுமல்ல, கடைசித் தவணை வரைக்கும் மொத்தச் செலவு என்ன? பரீட்சைக் கட்டணம், விடுதி எல்லாம் அதில் அடங்குமா? நடுவில் நின்றால் எவ்வளவு திருப்பித் தருவார்கள்? பதில் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். "இன்னிக்கே புக் பண்ணினா தள்ளுபடி" என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள். வெளிநாட்டு மருத்துவப் படிப்பென்றால், அந்தக் கல்லூரி மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். ஆழம் தெரியாமல் காலை விட்டால் இழுத்துக்கொண்டு போவது ஒரு பிள்ளையை மட்டுமல்ல, வீட்டையே.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

பெண் பிள்ளைக்கு நகை சேர்ப்பதா, படிப்புக்குச் சேர்ப்பதா என்று கேட்கிற வீடுகள் இன்னும் உண்டு. இன்று நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தாம் அதிகம். என் கவலை இப்போது பையன்களைப் பற்றி. எஸ்.பி.எம். முடிந்த கையோடு லோரி உதவியாள், காவல் வேலை, சிங்கப்பூர் என்று போய்விடுகிறார்கள். கையில் நாலு காசு புழங்கியதும் புத்தகம் கசந்துவிடுகிறது. முடிவு வெளிவருகிற வரைக்கும் உள்ள அந்தச் சில மாதத்தில் பையனைக் கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போகட்டும், தவறில்லை. ஆனால் மனுவை நிரப்பிவிட்டுப் போகட்டும். சம்பளத்தில் பாதி அவன் பேரிலேயே சேமிப்பில் விழட்டும்.

இன்னும் ஒன்று. செலவுக் கணக்கைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "நீ படி, காசைப் பத்தி உனக்கென்ன" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு நம் சம்பளத் தாளைப் படித்துக் காட்டினால் அதற்குப் புரியும். வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, எந்த வாசல் மலிவு என்று தானே தேடும். அண்ணனின் மூத்த மகனை நாங்கள் அப்படித்தான் வளர்த்தோம். பொலிடெக்னிக்கைத் தேர்ந்தெடுத்தது நானல்ல, அண்ணனல்ல, அவனேதான். பிறகு வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கினான். அவன் தம்பி, தங்கை யாரும் படிப்பை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. அவன் பட்டமளிப்பில் என் அண்ணன் முதல்முறையாக ஒரு பல்கலைக்கழக மண்டபத்துக்குள் போய் உட்கார்ந்தார்.

ஆகவே அன்பர்களே, அடுத்த சம்பள நாளுக்குள் மூன்று காரியம் செய்யுங்கள். பிள்ளை பேரில் 20 வெள்ளியில் ஒரு சேமிப்புக் கணக்கு. பள்ளிச் சான்றிதழ்களுக்கு ஒரு ஃபைல். உங்கள் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிய கணக்கு. படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், அது கைப்பேசியில் பார்த்துச் சொல்லும். மூன்றுக்கும் சேர்த்து ஒரு நாள் ஆகாது. பிள்ளை இப்போது முதலாம் வகுப்பில் இருந்தால் உங்களுக்கு நிறைய நாள் இருக்கிறது. நான்காம் படிவத்தில் இருந்தாலும் இன்னும் இரண்டு தீபாவளி இருக்கிறது. இன்றே தொடங்குங்கள்.